யாரும் சிறுக்காத கண்ணாடி

ஆவுடைக்குளத்து நடுத்தெருவில் எதிரெதிரே இரண்டு கார்கள் வந்துவிட்டால் டிரைவர்கள் இருவரும் முதலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், பிறகு கையை வெளியே நீட்டி அவரவர் சைடு கண்ணாடியை மடக்குவார்கள், அப்புறம் தாங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தால் காரும் கொஞ்சம் மெலியும் என்று நம்புகிறவர்களைப் போல வயிற்றை எக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். அப்படியும் வருஷத்துக்கு ஏழெட்டுக் கண்ணாடிகள் யார் வீட்டு ஜன்னல் கம்பியிலாவது, சாய்த்து வைத்த சைக்கிளின் ஹாண்டில்பாரிலாவது மாட்டி உடைந்து, காதறுந்த மாடு மாதிரி கார்கள் ஸ்டாண்டுக்குத் திரும்பி வரும். கடைசியில் எங்கள் ஸ்டாண்டு டிரைவர் மைதீன் பிச்சைதான் சொன்னார்: "வெளிய வச்சாத்தானவே ஒடையுது? உள்ள வச்சுத் தொலைப்போம்."

அப்படித்தான் எங்கள் ஸ்டாண்டின் பதினோரு வாடகைக் கார்களும் வெளிக்கண்ணாடிகளைக் கழற்றிப் போட்டன. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கடையில் ஒன்றரை முழ நீளத்துக்கு, நடுவில் லேசாக வயிறு புடைத்தாற்போல ஒவ்வொரு காருக்கும் ஒரு கண்ணாடி செய்து, ஓரத்துக்கு ரப்பர் கட்டி, டிரைவரின் நெற்றிக்கு மேலே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மாட்டிக்கொண்டோம். வலது, இடது, பின்பக்கம் மூன்றும் அந்த ஒன்றிலேயே தெரிந்தன. வருஷாவருஷம் வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்.சி. வாங்கும் நாளுக்காக ஒரு ஜோடி சைடு கண்ணாடியை மட்டும் பொதுவில் வைத்திருந்தோம். ஒரு கார் அதை மாட்டிக்கொண்டு போய் ஆபீசரிடம் காட்டிவிட்டு வந்ததும் அடுத்த கார் மாட்டிக்கொண்டு போகும். ஆபீசருக்கும் அந்த ஜோடியின் முகம் பழகிப்போயிருந்தது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் கடல் தாண்டி இருந்தார். ஆகவே எங்கள் பிழைப்பில் பாதி, போகிறவர்களைச் செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவது. மீதி, வருகிறவர்களைக் கூட்டி வருவது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேக்கரிக்காரர் வீட்டு மருமகனை ஏற்றிக்கொண்டு மைதீன் பிச்சை புறப்பட்டபோது, அந்தப் பையனின் பெண்டாட்டி இடுப்பில் ஒரு வயசுக் குழந்தையோடு வாசலில் நின்று கையை ஆட்டினாள். கார் தெருமுக்கு திரும்பியது. அவள் கண்ணாடியில் நின்றாள். குளக்கரை போயிற்று, ரயில்வே கேட் போயிற்று, பின்னால் போகிற பனைகளும் பஸ்களும் போக வேண்டிய முறைப்படி சிறுத்துக்கொண்டே போயின, அவள் மட்டும் வாசலில் நின்ற அதே உயரத்தில், அதே நீலச் சேலையோடு, சிறுக்காமல் நின்றாள். மைதீன் பிச்சை பார்த்தார். பின்சீட்டில் இருந்தவனும் பார்த்தான். கார் தென்மலை தாண்டியது. அதன் பிறகு அவன் மெதுவாகச் சொன்னது இவ்வளவுதான்:

"மாமா, ஏசியக் கொஞ்சம் கொறைங்க. அவளுக்குக் குளிரும்."

மைதீன் பிச்சை ஊருக்குத் திரும்பி, அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் எட்டிப் பார்த்தார். அவள் உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணாடியிலோ வாசலில் நின்றாள். இரண்டு வருஷம் கழித்து அவன் அதே காரில் வந்து, வீட்டு வாசலில் இறங்கிக் காலைத் தரையில் வைத்த அந்த நொடியில்தான் கண்ணாடியில் நின்றவள் கையை இறக்கினாள், குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள், உள்ளே போனாள். மூன்று வயசான அதே குழந்தை கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து, இறங்குகிற இந்த ஆள் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒரு மாசத்துக்குள் பதினோரு கார்களிலும் ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் இதற்காக ஒன்றும் வேலையை நிறுத்தவில்லை. அவசரத்தில் கரண்டியோடு ஓடிவந்து வழியனுப்பிய மரியம் மூன்று வருஷமும் கரண்டியோடேயே நின்றாள் என்பதால், அதற்குப் பிறகு வழியனுப்ப வருகிற பெண்கள் கையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. நைட்டியோடு யாரும் வாசலுக்கு வருவதில்லை. அழுகையை மகன் பார்க்கக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு தகப்பனார் நாலு வருஷம் வெறும் பாதித் தோளாக நின்றதைப் பார்த்த பிறகு, ஆண்பிள்ளைகள் அழுதாலும் முழுசாக வந்து நின்று அழுதார்கள். ஸ்டாண்டுக்குக் கார் கேட்டு வருகிறவர்கள் பேசுகிற பேச்சே மாறிப்போயிற்று.

"ஒம்ம வண்டியில எத்தன பேரு நிக்காவ?"

"பதினாலு."

"அப்பம் வேண்டாம்வே. எங்கம்மை உசரம் கம்மி. மறைஞ்சிருவா."

எஃப்.சி. ஆபீசர் ஒருதடவை உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இவங்கள்லாம்?" என்றார். "பார்ட்டி வீட்டு ஆளுங்க சார்" என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பின்னால் வருகிற லாரியை இரண்டு தோள்களுக்கு நடுவில் தேடிக் கண்டுபிடிக்க நாங்கள் பழகிக்கொண்டோம். போனவன் போன காரிலேயே திரும்பி வந்து, தன் வீட்டு வாசலிலேயே இறங்க வேண்டும், பின்சீட்டில்தான் உட்கார்ந்து வரவேண்டும் என்பதெல்லாம் யாரும் எழுதி வைக்காமலேயே ஊர் வழக்கமாயிற்று. எங்கள் ஸ்டாண்டில் ஒருவர், யோசிக்காமல், காரைப் புனலூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஒன்பது பேர் நிற்கிற கார். ஒன்பது குடும்பமும் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு புனலூருக்குப் போய், அந்த மனிதரின் வீட்டு முன்னால் உட்கார்ந்து, மலையாளத்திலும் தமிழிலும் மாறிமாறிக் கெஞ்சிக் கண்ணாடியை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

பிறகு, நிற்கிறவர்களில் ஒருவர் செத்துப்போனார். தையல்கடை வைத்திருந்தவரின் தாயார். அடக்கம் முடிந்த மறுநாள் காரைத் துடைக்கப்போன டிரைவர் நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் அந்த அம்மாள் பேரனுக்குக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். தையல்கடைக்காரர் தினமும் மத்தியானம் வந்து, டிரைவர் சீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பார்த்துவிட்டுப் போவார். நாங்கள் டீ குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவோம். அந்தப் பேரன் லீவில் வந்து வாசலில் காலை வைத்ததும் அம்மாள் கையை இறக்கி உள்ளே போய்விட, அந்த வீட்டில் இரண்டாம் தடவையாக ஒப்பாரி கேட்டது. அன்றைக்குத்தான் ஊருக்கு முழுசாக விளங்கியது. செத்தவர்களும் நிற்பார்கள், ஆனால் யாருக்காக நிற்கிறார்களோ அவர் வந்துவிட்டால் போய்விடுவார்கள். சில வீடுகளில் இதற்காகச் சண்டை நடந்தது. கடல் தாண்டி இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டு, "நீ பஸ்ஸுல வந்துரு, அம்மா இன்னும் கொஞ்ச நாளு நிக்கட்டும்" என்று சொன்ன தங்கச்சிகள் உண்டு. ஆனாலும் ஊர்ப் பேச்சு என்று ஒன்று இருந்தது, அது இதுதான்: செத்தவளை நிற்க வைத்துக்கொண்டே இருக்கக்கூடாது. பேசினோமே தவிர, யாரையும் தடுத்துக் கேட்கவில்லை. பிரமநாயகத்தையும் கேட்கவில்லை.

பிரமநாயகம் எங்கள் ஸ்டாண்டிலேயே மூத்தவர். அவருக்கு ஒரே மகன், தளவாய். தளவாய்க்குத் துபாயில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தபோது பிரமநாயகமே தன் காரில் கூட்டிப்போனார். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் சண்டை. போகவேண்டாம் என்று தாய் வடிவு சொல்லப்போக, "இங்கன கெடந்து அப்பா மாதிரி அடுத்தவன் பெட்டியத் தூக்கவா?" என்று அவன் கேட்டுவிட்டான். அந்தக் கோபத்தோடேயே காலையில் காரில் ஏறினான், முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டான், ஏர்போர்ட்டில் இறங்குகிறவரை எடுக்கவில்லை. வடிவு வலது கையைத் தூக்கி, இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாசல்படியில் நின்றாள். சண்டை போட்டுவிட்டுப் போகிற தனக்காக அவள் வந்து நிற்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டதால், அவள் நிற்பது அவனுக்குத் தெரியாது.

பதினோரு மாசம் கழித்து ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் மூன்றே நாளில் வடிவு போய்விட்டாள். தளவாய் அழுதுகொண்டே போன் செய்தான், டிக்கெட் போட்டுவிட்டேன் என்றான். பிரமநாயகம் அப்போது காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், போன் காதில் இருந்தது, கண் கண்ணாடியில் இருந்தது. நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

"வராத தளவாய்," என்றார். "நீ வாரதுக்குள்ள எடுத்துருவோம். வேலைய விட்டுட்டு வராத."

அந்த வருஷம் அப்படி. அடுத்த வருஷம் வீட்டு ஓட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறது, படுக்க இடமில்லை என்றார். அதற்கடுத்த வருஷம் ஊர் முழுக்க டெங்கு என்றார். ஓடும் பிரிக்கவில்லை, டெங்குவும் இல்லை. அவர் போனில் சொல்லச் சொல்ல நாங்கள் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அம்மாவின் சாவுக்குத் தன்னைத்தான் அப்பா காரணமாக நினைக்கிறார், அதனால்தான் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று மகன் முடிவு கட்டிக்கொண்டு, வருகிறேன் என்று கேட்பதையே விட்டுவிட்டான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போன் வரும். "சாப்டியளா?" "சாப்ட்டேன். நீ?" "சாப்ட்டேன்." அவ்வளவுதான். பிரமநாயகம் அதன் பிறகு ஏர்போர்ட் சவாரியே எடுக்கவில்லை, யாராவது அவளுக்கு முன்னால் வந்து நின்று மறைத்துவிடுவார்கள் என்று. கல்யாணம், ஆஸ்பத்திரி, குலதெய்வக் கோயில் என்று பக்கத்துச் சவாரிகளாக ஓட்டினார். மத்தியானச் சோற்றைக் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், குழம்பில் உப்புக் குறைவு என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுவார், மழைக்காலத்தில் காரைக் கூரைக்கடியில் விட இடம் கிடைக்காவிட்டால் நாள் முழுக்க யாரோடும் பேசமாட்டார். ஏழு வருஷம். அவர் நரைத்தார், வடிவு நரைக்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவர் எண்ணம்.

ஏழாம் வருஷம் மைதீன் பிச்சைக்குத் தளவாயிடமிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை வருகிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம், நீங்களே வந்து கூட்டிப்போங்கள் என்று. மைதீன் பிச்சைக்கு எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாளே பிரமநாயகத்தின் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வியாழக்கெழம ஒங்க மவன் வாரான். என் வண்டியில வாரேங்கான். கூட்டிட்டு வந்துருவேன், அது ஒண்ணும் இல்ல. ஒங்க வண்டியில வராட்டி அவியளும் அப்படியே நிப்பாவ, ஒங்களுக்கும் ஒரு நட்டமும் இல்ல. ஆனா அண்ணாச்சி, ஒரு வார்த்த கேக்கேன், கோவப்படாதிய. இன்னும் எத்தன நாளைக்கி நிக்க வப்பிய?"

பிரமநாயகம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நானே போறேன்," என்றார்.

நாங்கள் எல்லோரும் அவர் மனசு மாறிவிட்டது என்று நினைத்தோம். மாறவில்லை. அவர் ஒரு கணக்கோடுதான் போனார் என்பதை அவரே பிற்பாடு சொன்னார். மகனைத் தானே போய்க் கூட்டி வரவேண்டும். ஆனால் தெருமுக்கில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கார் போகாது என்று சொல்லி அங்கேயே இறக்கி நடக்க வைத்துவிட வேண்டும். வாசலில் இறங்கினால்தானே அவள் போவாள்? மகனும் வந்தாயிற்று, அவளும் நிற்பாள்.

தளவாய் ஏர்போர்ட்டுக்கு வெளியே வந்து, மைதீன் பிச்சையைத் தேடிய கண்ணில் தகப்பனைப் பார்த்து, பெட்டிவண்டியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டான். போகும்போது மீசை சரியாக முளைக்காத பையன். இப்போது முன்நெற்றி ஏறிப்போய், தொப்பை விழுந்து, கண்ணுக்குக் கீழே கருப்பு. இருவரும் பெட்டியைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஊர் வழக்கம் தெரிந்தவனாதலால் பின்சீட்டில் ஏறினான். நெடுமங்காடு தாண்டி, பாலோடு தாண்டி, காட்டுக்குள் ரோடு வளைய ஆரம்பித்த பிறகுதான், வெளியே பார்த்துக்கொண்டு வந்தவன் முகத்தைத் திருப்பி, நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான்.

"யப்பா."

"ம்."

"அம்மை நிக்கா."

"ஆமா."

"நான் போன அன்னைலருந்தா?"

"ஆமா."

கொஞ்சதூரம் கார் போயிற்று. பிறகு தளவாய் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

"முட்டி வலிக்குமே அம்மைக்கு. ரேஷன் கடையில ஸ்டூல் இல்லாம அஞ்சு நிமிசம் நிக்க மாட்டாளே. ஏழு வருசமாவா நிக்கா?"

பிரமநாயகம் காரை ஓரங்கட்டினார். ஏழு வருஷமாகத் தினமும் பார்த்த உருவத்தை அவர் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார். நிலையைப் பிடித்திருந்த இடது கையை இத்தனை நாளும் அவள் நிற்கிற பாங்கு என்றுதான் நினைத்திருந்தார். அது பாங்கு இல்லை. உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஐந்து விரலில் இருந்தது, விரல்நுனிகள் வெளுத்திருந்தன. அவளுடைய கண்களைப் பார்த்தார். அவை தன்மேல் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. டிரைவர் சீட்டுக்குக் கொஞ்சம் பின்னால், இடதுபக்கமாக, துண்டால் மூடிய ஒரு முகம் இருந்த இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் அந்த இடம் காலியாக இருந்ததால் தன்னைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"நாந்தான் ஒன்ன வர விடல," என்றார்.

"தெரியும்ப்பா. எம்மேல கோவத்துல—"

"கோவம் இல்லடா. நீ வந்தா இவ போயிருவா. அதான்."

தளவாய் சீட்டில் பின்னால் சாய்ந்துகொண்டான். காட்டுக்குள் எங்கேயோ ஆள் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பஸ் வந்து, ஹாரன் அடித்து, சுற்றிக்கொண்டு போயிற்று.

"எங்கம்மை செத்ததுக்கு நான் அங்கன ரூமுல ஒத்தையில உக்காந்து அழுதேன்ப்பா," என்றான். "மூணு நாளு. கதவத் தட்டி ஒருத்தன் சோறு வச்சிட்டுப் போனான்."

பிரமநாயகம் சாவியைத் திருகினார். காரை எடுத்தார். செங்கோட்டை வந்தது, கடைகள் வந்தன, எங்கள் குளக்கரை வந்தது. குளக்கரையில் தளவாய் மறுபடி முன்னால் சாய்ந்தான்.

"தெருமுக்குலயே நிப்பாட்டுங்கப்பா. நான் எறங்கி நடந்து வந்துருதேன். அவ நிக்கட்டும். ஒங்களுக்கு வேற யாரு இருக்கா?"

தான் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ள நினைத்ததை மகனே கையில் தூக்கிக் கொடுக்கிறான் என்றதும் பிரமநாயகம் பிரேக்கில் கால் வைக்கவில்லை. தெருமுக்கில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கார் நிற்காமல், சுவர்களை உரசாமல், நடுத்தெருவுக்குள் போயிற்று. வீட்டு வாசலில் நின்றது.

"எறங்கு," என்றார். "மெதுவா எறங்கு."

"பாத்துக்கோங்கப்பா."

"பாத்துட்டேன். எறங்கு."

தளவாய் கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைக்கத் துணியாமல் கொஞ்சநேரம் காற்றிலேயே வைத்திருந்து, பிறகு வைத்தான். கண்ணாடியில் வடிவு கையை இறக்கினாள். குனிந்து வலது முட்டியை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டாள். நிலையைப் பிடித்து, மெல்லத் திரும்பி, படியேறி உள்ளே போனாள். பிரமநாயகம் பக்கம் பார்க்கவில்லை. காத்திருந்த ஆள் வந்துவிட்டால் மற்றவர்களை யார் பார்க்கிறார்கள்?

தளவாய்க்கு இருபத்தெட்டு நாள் லீவு. அப்பாவும் மகனும் சேர்ந்து சமைத்தார்கள், இருவருக்குமே உப்புப் போடத் தெரியவில்லை. தாமிரபரணியில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்தார்கள். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி மகன் மறுபடி கேட்கவில்லை, தகப்பனும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் எங்களிடம் சொன்னார். லீவு முடிந்து அவன் புறப்படும் நாள் வந்தபோது, பிரமநாயகம்தான் கொண்டுபோய் விடுவார் என்று நாங்கள் நினைத்திருக்க, அவர் மைதீன் பிச்சையின் காரைக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, சொந்த வண்டி இருக்கும்போது?"

"நான் ஓட்டுனா வாசல்ல யாருவே நிப்பா?"

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், ஊர் முறைப்படி வாசல்படியில் வந்து நின்றார். தளவாய் காரில் ஏறினான். பின்கண்ணாடி வழியாக அவன் திரும்பிப் பார்த்தானா, மேலே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தானா, இரண்டும் இல்லையா என்பது வெயில் கூச்சத்தில் அவருக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கினார். காருக்குள் இருக்கிறவர்களுக்கு யாரும் சிறுக்காமல் நிற்கிற அதிசயத்தைப் பதினைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஊரில், வாசலில் நிற்கிறவர்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்தது. கார் சிறுத்தது. மூன்றாம் வீட்டைத் தாண்டும்போது பெட்டியளவு ஆயிற்று, பள்ளிவாசலைத் தாண்டும்போது தீப்பெட்டியளவு ஆயிற்று, தெருமுக்கில் ஒரு புளியங்கொட்டையாகி, திரும்பி, இல்லாமல் போயிற்று. எங்களுக்குத் தெரிந்து முட்டிவலி எதுவும் இல்லாத அந்த மனிதர் இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீடுகளில் கதவுகள் சாத்திக்கொண்டன, ஒரு பால்காரர் சைக்கிளில் போனார், தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. அதை எப்போது இறக்கலாம் என்று யாரிடம் கேட்பது என்பது அவருக்குத் தெரியவில்லை.